அச்சத்தை விற்றவர்கள்



ஆங்கிலம் வழங்கும் நாடொன்றில், ஒரு மாலை நேரத்தில், முதியவர் ஒருவர் வீட்டில் தனியே இருக்கிறார். தொலைபேசி மணி ஒலிக்கிறது. எடுத்துக் காதில் வைத்தால், பணிவு நிறைந்த குரல் ஒன்று பேசுகிறது: "ஐயா, நான் விண்டோஸ் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து பேசுகிறேன். தங்கள் வீட்டுக் கணிப்பொறியில் வைரஸ் என்னும் நச்சு நிரல்கள் புகுந்துவிட்டதாக எங்களுக்குச் செய்தி வந்த வண்ணம் இருக்கிறது. அஞ்ச வேண்டா. நான் சொல்லும் விசைகளை அழுத்துங்கள்; பழுதைத் தங்கள் கண்ணாலேயே காணலாம்." முதியவர் அழுத்துகிறார். திரையில் செந்நிறக் குறிகள் வரிசை வரிசையாகத் தோன்றுகின்றன. அவர் நெஞ்சு துணுக்குறுகிறது. ஒரு மணி நேரம் கழிவதற்குள் அவருடைய கணிப்பொறி அயலான் ஒருவனின் ஆளுகைக்குப் போய்விடுகிறது; வங்கிக் கணக்கிலிருந்து சில நூறு டாலர்களும் போய்விடுகின்றன. உண்மை யாதெனில், அந்தக் கணிப்பொறியில் எந்தப் பழுதும் இல்லை. பேசியவன் எந்தத் தொழில்நுட்பப் பிரிவைச் சேர்ந்தவனும் அல்லன்.

இக்காட்சி நான் புனைந்தது. ஆனால் இதன் ஒவ்வொரு பகுதியும், 2008ஆம் ஆண்டை ஒட்டிய காலந்தொட்டு, உலகின் பல நாடுகளில் எண்ணற்ற இல்லங்களில் நடந்திருக்கிறது. போலித் தொழில்நுட்ப உதவி என்னும் இவ்வஞ்சகம் எவ்வாறு தோன்றியது, எவ்வாறு வளர்ந்தது, மக்கள் அதனை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதே இன்றைய பேச்சின் பொருள். 'இதுவும் ஒரு வரலாறா?' என்று நீங்கள் கேட்கலாம். மன்னர் முடிசூடியதும் படைகள் பொருதியதும் வரலாறு என்றால், எளிய மக்கள் எதை நம்பினர், எதற்கு அஞ்சினர், ஏமாந்தபின் என்ன செய்தனர் என்பதும் வரலாறேயாகும்.

வஞ்சகம் காலந்தோறும் கருவியை மாற்றிக்கொள்கிறது. அதன் வேர் மிகப் பழையது. பிரெஞ்சு நாட்டில் விடோக் என்றொருவர் இருந்தார். இளமையில் சிறையைக் கண்டவர். பின்னர்ப் பாரிஸ் நகரின் துப்பறியும் படைக்கே தலைவரானவர். 1828ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய தம் நினைவுக் குறிப்புகளில், 'எருசலேம் கடிதங்கள்' என்று வழங்கிய மோசடியொன்றை அவர் விரித்துரைக்கிறார். சிறையிலிருக்கும் கைதி, தொலைவிலுள்ள செல்வர் ஒருவருக்கு மடல் எழுதுவான். புரட்சிக் காலத்தில் உயிர் தப்பி ஓடிய பிரபு ஒருவரின் பணியாள் தான் என்றும், பிரபுவின் அணிகலப் பேழை ஓரிடத்தில் மறைந்து கிடக்கிறது என்றும், அதனை மீட்கச் சிறிது பொருள் வேண்டும் என்றும் அம்மடல் கூறும். பேழையும் இல்லை; பிரபுவும் இல்லை. ஆயினும் நூறு மடல்கள் சென்றால் இருபதுக்கு மறுமொழி வந்தது என்கிறார் விடோக்.

அமெரிக்காவில், நியூயார்க் நகரத் தெருக்களில், 1849ஆம் ஆண்டில் வேறொரு வகை ஏமாற்று நடந்தது. நன்றாக உடுத்திய ஒருவன் வழியிற் செல்லும் கனவான்களிடம் பழகிய நண்பனைப் போலப் பேசுவான். சற்று நேரம் அளவளாவியபின், நாளை வரை தங்கள் கடிகாரத்தை என்னிடம் ஒப்படைக்கும் அளவுக்கு என்மீது நம்பிக்கை உண்டா என்று கேட்பான். நாகரிகம் கருதிக் கொடுத்தவர்கள் கடிகாரத்தை மீண்டும் கண்டதில்லை. ஏமாந்தவர் ஒருவர் அவனைத் தெருவில் அடையாளம் கண்டுகொள்ள, அவன் பிடிபட்டான். செய்தித்தாள்கள் அவனுக்கு 'நம்பிக்கை மனிதன்' என்று பெயரிட்டன. ஏமாற்றுக்காரனைக் குறிக்க ஆங்கிலத்தில் இன்றும் வழங்கும் சொல் அந்நிகழ்ச்சியால் பரவியதாகும். வஞ்சகனுக்கு நம்பிக்கையின் பெயரே அமைந்தது ஆழ்ந்து நோக்கத்தக்கது.

'பேராசை பெருநட்டம்' என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். பேழைக்கு ஆசைப்பட்டுப் பணம் அனுப்பியவர்களுக்கு அப்பழமொழி பொருந்தும். ஆனால் தொலைபேசியில் பேசிய அந்த முதியவர் எதற்கு ஆசைப்பட்டார்? யாருடைய பொருளையும் அவர் விரும்பவில்லை. தம் பொருளைக் காத்துக்கொள்ளவே விரும்பினார். கணிப்பொறிக் காலத்தின் இவ்வஞ்சகம் ஆசையை விட்டுவிட்டு அச்சத்தைப் பற்றிக்கொண்டது. பழைய எச்சரிக்கைகள் பல இதன்முன் பயன்படாமற் போனதற்கு இதுவே முதற்காரணம்.

அச்சத்தைப் பணமாக்கும் இம்முறைக்கு ஒரு தொடக்கத்தை 1989ஆம் ஆண்டின் இறுதியில் காண்கிறோம். எய்ட்ஸ் நோய் பற்றிய செய்திகள் அடங்கியவை என்று சொல்லி, ஏறத்தாழ 20,000 வட்டுகள் பல நாட்டினருக்கு அஞ்சலில் அனுப்பப்பட்டன. வட்டைக் கணிப்பொறியில் இட்டவர்கள் முதலில் எந்தக் கேட்டையும் உணரவில்லை. கணிப்பொறியைத் தொண்ணூறு முறை அளவில் இயக்கியபின் கோப்புகளின் பெயர்கள் உருமாறி மறைந்தன. 189 டாலரைப் பனாமா நாட்டிலுள்ள ஓர் அஞ்சற் பெட்டிக்கு அனுப்ப வேண்டும் என்ற கட்டளை திரையில் எழுந்தது. இங்கே பழுதாவது உண்மையாக இருந்தது. பின்வந்தவர்கள் அந்த உழைப்பையும் மிச்சப்படுத்தினர்; பழுதே இல்லாமல் பழுதின் அச்சத்தை மட்டும் விற்கலாம் என்று கண்டுகொண்டனர்.

2000க்குப் பின்வந்த ஆண்டுகளில், இணையத்தில் உலவுவோர் திரையில் திடீரென ஓர் அறிவிப்பு எழும். 'உங்கள் கணிப்பொறியைச் சோதித்தோம். நூற்றுக்கணக்கான கேடுகள் உள்ளன. உடனே எங்கள் மருந்தை வாங்குங்கள்' என்று அது சொல்லும். சோதனை நடந்ததே இல்லை. 'வின்ஃபிக்சர்' போன்ற பெயர்களில் விற்கப்பட்ட இம்மருந்துகளை வாங்கியவர்கள் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் என்று அமெரிக்கக் கூட்டாட்சி வாணிக ஆணையம் குற்றம் சாட்டியது. 2008ஆம் ஆண்டு டிசம்பரில் நீதிமன்றம் அவ்வாணிகத்திற்குத் தடை விதித்தது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அஃது இதுதான்.

அதே காலத்தையொட்டி, திரையில் எழுந்த அச்சம் தொலைபேசியில் மனிதக் குரலாகப் பேசத் தொடங்கியது. அதற்கு ஏற்ற சூழ்நிலைகள் நான்கு ஒருங்கே அமைந்திருந்தன. முதலாவது, இணையத்தின் வழியே கடல் கடந்து பேசுவதற்கு ஆகும் செலவு மிகக் குறைந்தது. இரண்டாவது, தொலைவிலிருந்தே பிறர் கணிப்பொறியைத் திறந்து இயக்க உதவும் மென்பொருள்கள் எளிதிற் கிடைத்தன. பழுது பார்க்கும் நேர்மையான ஊழியருக்காக ஆக்கப்பட்டவை அவை. மூன்றாவது, மேலைநாட்டுக் குழுமங்களின் வாடிக்கையாளர்களுக்கு இந்தியாவிலிருந்து விடை கூறும் அழைப்பு மையங்கள் பெருகியிருந்தன. ஆகவே இந்தியக் குரலொன்று தொழில்நுட்பம் பேசுவதை மேலைநாட்டார் இயல்பாகவே ஏற்றனர். நான்காவது, கணிப்பொறி வீடுதோறும் புகுந்துவிட்டது. அதன் உள்ளமைப்பை அறிந்தவர் வீடுதோறும் இல்லை. மெய்யான உதவி வந்த வழியிலேயே பொய்யான உதவியும் நடந்து வந்தது.

இவர்கள் கையாண்ட உத்திகளைச் சற்று விரிவாகக் காண்போம். உத்தியை அறிந்தவனுக்கு அச்சம் குறையும் அன்றோ? விண்டோஸ் கணிப்பொறிகளில் 'ஈவென்ட் வியூவர்' என்றொரு நிகழ்வுப் பதிவேடு உண்டு. கணிப்பொறிக்குள் நடக்கும் சிறு தடங்கல்களையெல்லாம் அது குறித்துக்கொண்டே வரும். ஏதோ ஒரு மென்பொருள் ஒரு நொடி தாமதித்தது என்றாலும் ஒரு மஞ்சட் குறியோ செந்நிறக் குறியோ இடும். நல்ல நிலையிலுள்ள கணிப்பொறியிலும் இத்தகைய குறிகள் நிறைந்திருப்பது இயல்பு. ஆனால் அப்பதிவேட்டை முதன்முறை திறந்து பார்ப்பவருக்கு அது மரண ஓலை போலத் தோன்றும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அழைத்தவன் செய்ததெல்லாம் முதலில் அரள வைத்து, பிறகு இருட்டைக் காட்டியதுதான்.

மற்றோர் உத்தி இன்னும் நுட்பமானது. 'உங்கள் கணிப்பொறிக்கே உரிய இரகசிய எண் எங்களிடம் உள்ளது. சரிபார்த்துக்கொள்ளுங்கள்' என்று கூறி, 888 என்று தொடங்கும் நீண்ட எண்ணொன்றை அவன் படிப்பான். அவன் சொன்ன கட்டளையைத் தட்டிப் பார்த்தால், திரையில் அதே எண் தோன்றும். என்ன வியப்பு! ஐயம் முழுவதும் அகன்றுவிடும். ஆனால் அந்த எண் விண்டோஸ் கணிப்பொறிகள் எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருப்பது. 'உங்கள் கையில் ஐந்து விரல்கள் உள்ளன, நான் அறிவேன்' என்று சொல்லும் சோதிடனுக்கும் இவனுக்கும் என்ன வேறுபாடு?

பணம் தர மறுத்தவர்களைச் சில வஞ்சகர்கள் வேறு வகையில் தண்டித்தனர். 'சிஸ்கீ' என்னும் பழைய பாதுகாப்புக் கருவியைக் கொண்டு, உரியவரே திறக்க முடியாதபடி கணிப்பொறிக்குக் கடவுச்சொல்லைப் பூட்டிவிட்டனர். காவலுக்கு வைத்த பூட்டு கள்வனுக்கு உதவியது. 2017ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் குழுமம் விண்டோஸ் 10 மென்பொருளின் புதிய பதிப்பிலிருந்து அக்கருவியையே நீக்கியது. ஏமாந்தவர்களை மீண்டும் ஏமாற்றும் முறையும் பிறந்தது. 'எங்கள் குழுமம் மூடப்படுகிறது. நீங்கள் கட்டிய தொகையைத் திருப்பித் தருகிறோம்' என்று அழைத்து, வங்கிப் பக்கத்தில் தோன்றும் எண்களைத் திரையளவில் மாற்றிக் காட்டி, 'தவறுதலாக மிகுதியாக அனுப்பிவிட்டோம். என் வேலை போய்விடும். மிகுதியைப் பரிசு அட்டைகளாக வாங்கித் தாருங்கள்' என்று கெஞ்சுவார்கள். முதலில் அச்சத்தைப் பயன்படுத்தியவர்கள் இப்போது இரக்கத்தையும் பயன்படுத்தினர்.

நாளடைவில் முறை மேலும் மாறியது. வீடுவீடாக அழைப்பதை விடுத்து, திரையை அடைத்து நிற்கும் பொய் எச்சரிக்கையையும், அதன்கீழ் ஒரு தொலைபேசி எண்ணையும் காட்டினர். இப்போது அஞ்சியவர் தாமே அழைத்தார். தாமே தேடிச் சென்ற மருத்துவரிடம் ஐயம் கொள்வது அரிது. இம்முறையை அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாதக்கணக்கில் கண்காணித்து, 2017ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அவர்கள் ஏமாற்றுக்காரர் அறுபது பேருடன் ஏமாந்தவர்போல் நடித்துப் பேசினர். கேட்கப்பட்ட தொகை சராசரியாக 291 டாலர் அளவில் இருந்தது. அறுபது பேரிலும் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து பேசியவர்கள் என்பதும் அவ்வாய்வில் தெரிந்தது. இச்செய்தி நமக்குப் பெருமை தருவதன்று. எனினும் மறைத்தல் தகாது.

இனி, மக்களும் அரசுகளும் இதனை எதிர்கொண்ட வரலாற்றுக்கு வருவோம். முதல் எதிர்ப்பு சட்டத்தின் வழியே வந்தது. 2012ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள், அமெரிக்க வாணிக ஆணையம் ஆறு வழக்குகளைத் தொடுத்திருப்பதாக அறிவித்தது. ஆஸ்திரேலியா, கனடா ஆகிய நாடுகளின் அமைப்புகளும் அதற்குத் துணை நின்றன. ஒருவரிடம் 49 முதல் 450 டாலர் வரை பறிக்கப்பட்டதாக அவ்வாணையம் தெரிவித்தது. ஆனால் ஏமாந்தவர் ஒரு நாட்டில், ஏமாற்றியவன் மற்றொரு நாட்டில், பணம் சென்ற வழி மூன்றாம் நாட்டில் என்றிருக்கும்போது, சட்டத்தின் கால்கள் எல்லையில் தடுக்கின. ஓர் எண்ணை மூடினால் வேறோர் எண் திறந்தது.

இந்தியாவிலும் சட்டம் மெல்ல விழித்தது. 2018ஆம் ஆண்டின் இறுதியில், மைக்ரோசாஃப்ட் குழுமத்தின் முறையீட்டின்மேல், தில்லியிலும் அதனை அடுத்த குருகிராம், நொய்டா நகரங்களிலும் போலீசார் போலி மையங்களுக்குள் புகுந்து பலரைக் கைது செய்தனர். 2023ஆம் ஆண்டு அக்டோபரில் மத்தியப் புலனாய்வுத் துறை, இணையவழி நிதி மோசடிகள் தொடர்பாகப் பல மாநிலங்களில் 76 இடங்களைச் சோதனையிட்டது. மைக்ரோசாஃப்ட், அமேசான் ஆகியவற்றின் முறையீடுகளால் எழுந்த வழக்குகளும் அவற்றுள் அடங்கும்.

குற்றம் இருட்டறைகளில் மட்டும் நடந்தது என்று எண்ணிவிட வேண்டா. அமெரிக்காவில் ஊரறிந்த அங்காடித் தொடராகிய ஆபீஸ் டிப்போ, வாடிக்கையாளரின் கணிப்பொறியை இலவசமாகச் சோதிப்பதாகக் கூறி, இல்லாத கேட்டை இருப்பதாகக் காட்டிப் பழுதுபார்ப்புச் சேவைகளை விற்றது என்று வாணிக ஆணையம் குற்றம் சாட்டியது. 2019ஆம் ஆண்டில், அக்குழுமம் இரண்டரைக் கோடி டாலரும், மென்பொருள் வழங்கிய குழுமம் ஒரு கோடி டாலரும் செலுத்த இசைந்து வழக்கை முடித்துக்கொண்டன. விளக்கொளி வீசும் கடையிலும் இத்தகைய குற்றச்சாட்டு எழக்கூடும் என்பதற்கு இவ்வழக்கு சான்று.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. இதில் ஏமாறுபவர் யார்? 'கணிப்பொறி அறியாத கிழவர்கள்தாம்' என்று இளைஞர்கள் எளிதில் விடையளிப்பார்கள். 2016ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் குழுமம் பன்னிரண்டு நாடுகளில் நடத்திய ஆய்வு அவ்விடையைத் தகர்த்தது. வஞ்சகனின் பேச்சை நம்பித் தொடர்ந்து சென்றவர்களுள் பாதிப்பேர் 18 முதல் 34 வயதுக்குட்பட்டவர்கள்; 55 வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்குப் பதினேழு பேரே. அதே வேளையில், அமெரிக்க அரசிடம் வந்த முறையீடுகளை நோக்கினால், இம்மோசடியில் பணத்தை இழந்தவர்களுள் அறுபது வயதைக் கடந்தோரே மிகுதி. இரண்டும் உண்மையாக இருக்கக்கூடும். இளைஞனுக்குத் தன் அறிவின்மேல் உள்ள மிகுந்த துணிவு அவனை அழைப்பில் நிறுத்துகிறது. முதியவரின் தனிமையும் வாழ்நாட் சேமிப்பும் அவரைப் பேரிழப்புக்கு ஆளாக்குகின்றன. ஆகவே, 'நான் ஏமாறமாட்டேன்' என்னும் எண்ணம் கவசம் ஆகாது. சில வேளைகளில் அதுவே கவசத்தின் ஓட்டை.

சட்டம் தளர்ந்த இடத்தில் தனிமனிதர்கள் எழுந்தனர். 'லென்னி' என்று ஒரு குரற்பதிவு உண்டு. காது சற்று மந்தமான முதியவர் ஒருவர் பேசுவதுபோல் அமைந்த பதினாறு துணுக்குகள் அவை. வேண்டாத அழைப்பு வந்தால் இப்பதிவை இயக்கிவிடுவார்கள். லென்னி தம் மகளைப் பற்றிப் பேசுவார். சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொல்வார். நடுவே வாத்துகள் கத்தும். அழைத்தவன் எதிரே இருப்பது வெறும் ஒலிப்பதிவு என்று அறியாமல் நெடுநேரம் மன்றாடுவான். லென்னியால் ஊக்கம் பெற்றவர் 'கிட்போகா' என்னும் புனைபெயர் கொண்ட அமெரிக்கர். முதுமையில் நினைவிழந்த தம் பாட்டியைப் போன்றோர் வஞ்சகர் கையில் சிக்குவதை எண்ணி, 2017ஆம் ஆண்டிலிருந்து மூதாட்டியின் குரலில் பேசி வஞ்சகரின் நேரத்தை வீணாக்கி, அதனை உலகம் காண ஒளிபரப்பி வருகிறார். வஞ்சகன் அவரோடு போராடும் நேரத்தில் வேறொரு மூதாட்டி தப்புகிறாள் என்பது இவர்கள் வாதம். அவ்வாதத்தில் பொருள் உண்டு.

ஆனால் எதிர்ப்பு எளிதில் பழிவாங்கலாக மாறும். 2016ஆம் ஆண்டில், பெற்றோர் இம்மோசடியைச் சந்தித்ததைக் கண்டு சினந்த பிரெஞ்சு ஆய்வாளர் ஒருவர், தம் கடன் அட்டையின் படம் என்று சொல்லி, கோப்புகளைப் பூட்டிவிடும் நச்சு நிரலை வஞ்சகனுக்கு அனுப்பி வைத்தார். கேட்டவர் கைதட்டினர். கைதட்டலாம், பின்பற்றலாகாது. நஞ்சை அனுப்பினால் அது யார் கணிப்பொறியில் சென்று படியும் என்பதை அனுப்பியவர் அறியார். சட்டமும் அதனை ஒப்பாது. மேலும், சிலர் வஞ்சகரை ஏளனம் செய்யப் புகுந்து, நாட்டையும் இனத்தையும் இழித்துப் பேசத் தலைப்பட்டனர். அப்போது குற்றத்தின்மேல் எழுந்த சினம், குற்றமற்ற கோடிக்கணக்கான மக்கள்மேல் பாய்ந்தது. ஒரு நாட்டின் சில அறைகளில் நடந்த தீமைக்கு, அந்நாட்டுப் பெயர் தாங்கி நேர்மையாக உழைக்கும் அழைப்பு மைய ஊழியர் பலர் அயலாரின் வசையைக் கேட்க நேர்ந்தது.

இவ்வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. பிரிட்டனைச் சேர்ந்த ஒருவர் 'ஜிம் பிரவுனிங்' என்னும் புனைபெயரில் இயங்குகிறார். தம் கணிப்பொறிக்குள் நுழைந்த வஞ்சகரின் கணிப்பொறிக்குள் எதிர்வழியே நுழைந்து, குருகிராம் நகர மையமொன்றின் கண்காணிப்புப் படங்களையும் உரையாடல் பதிவுகளையும் அவர் திரட்டினார். அவை 2020ஆம் ஆண்டில் பி.பி.சி. நிகழ்ச்சியாக வெளிவந்து உலகை அதிரச் செய்தன. இத்தகைய வஞ்சகரை நன்கறிந்தவர் அவரைப்போல் மிகச் சிலரே. அத்தகையவருக்கு 2021ஆம் ஆண்டு ஜூலையில் நேர்ந்தது என்ன? யூடியூபின் உதவிப் பிரிவினன் என்று நடித்த ஒருவன், அவரை நம்ப வைத்து, அவருடைய சொந்த யூடியூப் பக்கத்தை அவர் கையாலேயே அழிக்கச் செய்தான்! பக்கம் பின்னர் மீட்கப்பட்டது. அவர் அதனை மறைத்திருக்கலாம். மானம் போயிற்றே என்று வாய் மூடியிருக்கலாம். அவரோ, எவரும் ஏமாறக்கூடும் என்பதற்கு நானே சான்று என்று உலகறியக் கூறினார்.

அந்த ஒப்புதல், அவர் பிடித்துக் கொடுத்த வஞ்சகர் பலரினும் மதிப்புடையது என்பேன். ஏனெனில் இம்மோசடி நீடித்து வாழ்வதற்குப் பெருந்துணையாக நிற்பது ஏமாந்தவரின் வெட்கம். 'இத்தனை வயதாகியும் இப்படி ஏமாந்தாயே!' என்று மகன் கேட்பானோ, 'படித்தும் புத்தியில்லையே!' என்று அண்டை வீட்டார் சிரிப்பாரோ என்று அஞ்சி, ஏமாந்தவர் வாய் திறப்பதில்லை. அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையிடம் இவ்வகை மோசடியில் இழந்ததாக 2021ஆம் ஆண்டில் முறையிடப்பட்ட தொகை 34 கோடி டாலருக்கு மேற்பட்டது. 2023ஆம் ஆண்டில் அது 92 கோடி டாலரைக் கடந்தது. இவை முறையிட்டவர்களின் கணக்கு மட்டுமே. வெட்கத்தால் வாய் மூடியவர்களின் கணக்கு எந்த ஏட்டிலும் இல்லை. வஞ்சகன் முதலில் அச்சத்தை விற்றான். ஏமாந்தவரின் மௌனத்தை இலவசமாகவே பெற்றுக்கொண்டான்.

தொலைபேசியின் மறுமுனையையும் ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். அங்கே பேசுபவன் உங்களைப் போன்ற இளைஞனாக இருக்கலாம். பட்டம் பெற்று வேலை தேடியவன். நல்ல ஆங்கிலம் பேசுபவன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் 'இது வாடிக்கையாளர் உதவி' என்றுதான் அவனுக்குச் சொல்லியிருப்பார்கள். கையில் ஓர் எழுத்துப் படியைத் தருவார்கள். இத்தனை விற்றால் இத்தனை ஊக்கத் தொகை என்பார்கள். சில நாட்களில் உண்மை விளங்கும். விளங்கிய அன்று எழுந்து வெளியே வந்தவர்கள் உண்டு. தொடர்ந்து அமர்ந்தவர்களும் உண்டு. 'எங்கோ இருக்கும் செல்வரிடமிருந்துதானே எடுக்கிறோம்' என்று அவர்கள் தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொள்வர். அங்கே அழுதவர் பெரும்பாலும் செல்வர் அல்லர். ஓய்வூதியத்தில் வாழும் முதியவர். உங்களுள் சிலர் நாளை வேலை தேடிச் செல்லும்போது, உங்கள் நாவன்மையை விலைக்குக் கேட்கும் இத்தகைய வாயில்கள் எதிர்ப்படலாம். அன்று இந்தப் பேச்சு நினைவுக்கு வருமாயின் நான் மகிழ்வேன்.

கடல் கடந்த இல்லங்களில் மட்டும் நடந்த கதை இதுவென்று நாம் ஆறுதல் கொள்வதற்கும் இடமில்லை. அதே மரத்தின் புதிய கிளையொன்று நம் நாட்டிலேயே தழைத்திருக்கிறது. போலீஸ் அதிகாரி போலவும் சுங்க அதிகாரி போலவும் வேடமிட்டுக் காணொளியில் தோன்றி, 'உங்களை டிஜிட்டல் முறையில் கைது செய்திருக்கிறோம்; அறையை விட்டு வெளியேறக் கூடாது; எவரிடமும் சொல்லக் கூடாது' என்று மிரட்டிப் பணம் பறிக்கின்றனர். நம் சட்டத்தில் இத்தகைய கைது என்று ஒன்று இல்லவே இல்லை. 2024ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் பிரதமர் தம் வானொலி உரையில், பொறுங்கள், சிந்தியுங்கள், செயல்படுங்கள் என்னும் பொருள்பட மக்களை எச்சரித்தார். வேடம் தொழில்நுட்பருடையதிலிருந்து காவலருடையதாக மாறியது. முறை மாறவில்லை: அச்சமூட்டு, விரைவுபடுத்து, தனிமைப்படுத்து.

இம்மூன்று சொற்களுக்கு எதிராக மூன்று பழக்கங்கள் போதும். அச்சமூட்டும் செய்தி வந்தால், அழைப்பைத் துண்டியுங்கள். மைக்ரோசாஃப்ட் போன்ற குழுமங்கள், கேளாமல் தாமே அழைத்து உங்கள் கணிப்பொறியைப் பழுதுபார்க்க முன்வருவதில்லை. அவற்றின் மெய்யான எச்சரிக்கைகளில் அழைப்பதற்கான தொலைபேசி எண் இருப்பதுமில்லை. விரைவுபடுத்தினால், தாமதியுங்கள், உண்மையான பழுது ஒரு மணி நேரம் காத்திருக்கும், பொய்யான பழுதுக்குத்தான் பொறுமை இல்லை. எவரிடமும் சொல்லாதே என்றால், உடனே ஒருவரிடம் சொல்லுங்கள். பணம் போய்விட்டிருந்தால், 1930 என்னும் எண்ணுக்குக் காலம் தாழ்த்தாது அழைத்து முறையிடுங்கள். விரைந்து அறிவித்தால் பணம் கைமாறும் வழியில் தடுக்கப்படுவதற்கு வாய்ப்புண்டு. சொல்பவர் யாராயினும் சொல்லப்பட்டதன் உண்மையை ஆராய்க என்பது வள்ளுவர் காட்டிய நெறி. இக்காலத்தில், சொல்பவர் மெய்யாகவே அவர்தாமா என்பதையும் சேர்த்து ஆராய வேண்டியிருக்கிறது.

இறுதியாக ஒன்று. உங்கள் வீட்டில் கணிப்பொறியும் கைப்பேசியும் அறிந்தவர் பெரும்பாலும் நீங்களே. தாத்தாவோ பாட்டியோ, 'கண்ணு, இதில் ஏதோ வந்திருக்கிறது, பார்' என்று நீட்டும்போது, நீங்கள் சலித்துக்கொண்டால் அடுத்த முறை அவர்கள் உங்களிடம் நீட்டமாட்டார்கள். பணிவாகப் பேசும் அயலான் ஒருவனிடம் நீட்டுவார்கள். அந்தக் குரலிலுள்ள பணிவு பொய். ஆயினும் பல இல்லங்களில் அன்று அவர்கள் கேட்ட ஒரே பணிவான குரல் அதுவாக இருந்துவிடுகிறது. அத்தகைய இல்லமாக உங்கள் இல்லம் இராதிருக்கட்டும். அவர்கள் ஏமாந்து வந்து சொன்னாலும், 'ஏன் ஏமாந்தாய்?' என்று கேட்பதற்குமுன் 'சொன்னது நல்லதாயிற்று' என்று கூறுங்கள்.